இருளப்பன் பேர்தான் கஷ்டம்

எங்கள் தோட்டத்தில் சேவலுக்கு முன்னால் ருக்குமணி கங்காணி கூப்பிட்டுவிடுவார். இனி நமக்கு இங்கே வேலையில்லை என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் சேவல்கள் தின்று கொழுத்து, ஒவ்வொன்றாகத் தீபாவளிக் குழம்பில் போய்ச் சேர்ந்தன. இதில் பாதி பொய். குரல் மட்டும் நிஜம். ஸ்டோர் வாசலில் நின்று அவர் ஒரு பேரைக் கூப்பிட்டால் அது தேயிலைச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மலையில் முட்டித் திரும்பி வரும். பேருக்குரியவன் அது போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் பயப்படுவான்.

பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே, எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டிய ரோட்டில் இருக்கிறது எங்கள் டிவிஷன். காலையில் பனி கலைவதற்குள் எல்லாரும் ஸ்டோர் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பேர். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், அவரவர் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். அப்புறம் யார் எந்த மலைக்கு, யார் எந்த மெஷினுக்கு என்பதையும் கங்காணிதான் சொல்லுவார். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்து நடக்க, மூன்றாவது ஆள் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான். பேர் புவனேஸ். படிவம் மூன்றோடு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். பை பிடிக்க அது தாராளம்.

ருக்குமணி எனக்கு அத்தை. ரத்தச் சொந்தம் இல்லை, சுவர்ச் சொந்தம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அவர் பிறந்தது ரிங்லெட்டில். கூடப் பிறந்தவர்கள் ஒரு கூட்டம். அந்த வீட்டில் இவர் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். கல்யாணம் கட்டி இங்கே வந்தார். கணவர் விஜயன் மாமா கோலா தெர்லாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிப்போகிற லோரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டிலேயே இருப்பார். பிள்ளைகள் இல்லை. அத்தை கொழுந்து வெட்டினார், மருந்து அடித்தார், உரம் தூக்கினார். ஒரு நாள் பழைய கங்காணி இடுப்பு வலி என்று போய்விட, இவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். எங்கள் டிவிஷனில் முதல் பொம்பளைக் கங்காணி.

“மொத நாளு பேர் கூப்பிட்டேன்டி. கூப்பிட்ட பேருக்கெல்லாம் ஒரு ‘இருக்கேன்’ திரும்பி வந்துச்சு. ஒண்ணு விடாம வந்துச்சு. எங்க வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதது எல்லாம் அன்னைக்கு வந்துச்சு” என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். வெங்காயத்துக்குத்தான் கண் கலங்கியது என்று நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

அந்தக் குரல்தான் போயிற்று.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் பேரின் நடுவில் ஒரு இடறல். அப்புறம் தொண்டைக்குள் யாரோ கையை விட்டு இறுக்கிப் பிடிப்பது போல ஒரு நெரிசல். தகரக் கதவு சிமெண்டில் உரசுகிற மாதிரி சொல் கிளம்பும், பாதியில் குரல் காணாமல் போகும், கடைசி எழுத்தில் மட்டும் வந்து எட்டிப் பார்க்கும். அவர் பேசியதை அப்படியே எழுதிக்காட்ட வேண்டுமென்றால் எழுத்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். நான் வைக்கப் போவதில்லை. அவர் சொல்ல வந்ததை முழுசாகவே எழுதுகிறேன்.

பனி என்றார்கள். பனிக்கு இஞ்சி குடித்தார். சளி என்றார்கள். சளிக்கு மிளகு குடித்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றி, முச்சந்தி இல்லாததால் லோரி திரும்புகிற இடத்தில் நசுக்கினோம். பழம் நசுங்கியது. கிளினிக்கில் கொடுத்த இருமல் மருந்தில் தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

இதில் வினோதம் ஒன்று உண்டு. அத்தை சிரித்தால் அந்தச் சிரிப்பில் ஒரு கீறலும் இருக்காது. குளிக்கும்போது பாடினால் பழைய குரல். பூனையைக் கொஞ்சினால் பழைய குரல். மனுசர்களிடம் பேச வாயெடுத்தால்தான் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே லயத்தில் பாதிப் பேர் “நடிக்குது” என்றார்கள். விஜயன் மாமா போனில் கேட்கிறபோது அது அழுகிற மாதிரியே இருக்கும்.

“ஏன் அழுவுற ருக்கு?”

“அழல.”

“இப்பக்கூட அழுவுறியே.”

“அழலங்கறேன்.”

“சரி, அழாத. நான் சனிக்கிழமை வந்துடறேன்.”

போனை வைத்துவிட்டு அத்தை கழுவிய சட்டியை மறுபடி கழுவுவார். உட்காரவே மாட்டார். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார், வாசலில் நின்று ஸ்டோரைப் பார்ப்பார், மறுபடி அடுப்படிக்குப் போவார். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கும் தூக்கம் வராது. யாராவது ஒருத்தர் நடந்துகொண்டே இருந்தால் கேட்கிறவர் காலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மேனேஜர் பேர் அரிஃபின். மலாய்க்காரர், சின்ன வயது, நல்ல மாதிரி. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு மேனேஜர் என்றால் துரைதான். ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நாங்கள் எல்லாரும் கேட்கிற தூரத்தில்.

“கக் ருக்கு, இது மெஷின் வேலை. கங்காணி நிறுத்துன்னு சொன்னது கேக்கலன்னா யாருக்காவது கை போயிடும். மழை மாசம் முடியட்டும். அதுக்குள்ள சரியாகலன்னா நீங்க ஃபேக்டரிக்குப் போயிடுங்க. கூட்டிப் பெருக்குற வேலை, கஷ்டமில்ல, குளிரும் இல்ல. பெரட்ட முனியாண்டி எடுக்கட்டும்” என்றார் மலாயில். கக் என்றால் அக்கா.

முனியாண்டி நல்ல மனிதர்தான். குரல் லோரி ஹாரன். அவருக்கே இந்த வேலை வேண்டாம். “எனக்கு எதுக்குலா இந்தத் தலவலி” என்று தலையைச் சொறிந்தார். ஆனால் வேண்டாம் என்று துரையிடம் சொல்லவும் இல்லை.

 அத்தை தலையை ஆட்டினார். ஃபேக்டரியில் தூசு கூட்டுகிற வேலையில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

அடுத்த கூத்து இருளப்பன் மாமாவால் வந்தது. எங்கள் டிவிஷனில் நாலு நம்பர் லாட்டரி எடுக்காத ஆள் கோயில் சாமி மட்டும்தான். இருளப்பன் மாமா அதிலும் ஒரு படி மேல். லோரி நம்பர், செத்தவன் வீட்டு நம்பர், கனவில் பாம்பு வந்தால் பாம்புக்கு ஒரு நம்பர் என்று எதையும் விடமாட்டார். ஒரு நாள் பெரட்டில் அத்தை முதல் நாலு பேரைக் கூப்பிடும்போது ஒவ்வொரு பேரும் எத்தனை இடத்தில் உடைந்தது என்று அவர் எண்ணியிருக்கிறார். ஒரு பேர் மூன்று இடத்தில் உடைந்தால் மூன்று. உடையாமல் வந்தால் சைபர். நாலு பேருக்கு நாலு நம்பர். டவுனுக்குப் போய் அதையே எடுத்தார். அடித்துவிட்டது. பெரிதாக இல்லை, ஆறுதல் பரிசுதான். ஆனால் எங்கள் லயத்தில் ஆறுதலுக்குப் பஞ்சம்.

அடுத்த நாள் பெரட்டில் இருமல் இல்லை, குசுகுசு இல்லை, போன் நோண்டல் இல்லை. வங்காளதேசத்து ரஃபீக் கூட்டாளிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் கையும் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள். உள்ளே விரல் மடங்குவது வெளியே தெரியாது.

அத்தைக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். “பாத்தியா புள்ள, எல்லாரும் எவ்வளவு அமைதியா கேக்குறாங்க. முந்தி நான் கத்தும்போதுகூட இப்படிக் கேட்டதில்ல. மனுசங்க மனுசங்கதான்.” அன்றைக்கு அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு உண்மை தெரியும். யாரைப் பார்த்தாலும் எதையாவது சொல்லிக் கெடுக்கிற என் வாய் அன்றைக்கு ரொட்டியில் மட்டும் வேலை செய்தது.

அந்த அமைதி வாரக் கடைசி வரைதான். இருளப்பன் மாமா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பொட்டலம் ஜிலேபியோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

“தாயே, கோவிச்சுக்கக் கூடாது. போன தடவ ஆறுதல்தான் குடுத்தீங்க. இந்தத் தடவ மொத பரிசா பாத்துக் குடுங்க.”

“என்ன உளறுற இருளப்பா?”

மாமா சட்டென்று விரலை மடக்கினார். பின்னால் நின்றவர் “மூணு” என்றார். “நாலுடா, ஒழுங்கா கேளு” என்றார் இன்னொருவர்.

அத்தை அவர்கள் விரல்களைப் பார்த்தார். பெரட்டில் பாக்கெட்டுக்குள் இருந்த கைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சாம்பலாகிவிட்டது. திட்ட ஆரம்பித்தார். திட்டத் திட்டக் குரல் உடைந்தது, உடைய உடைய அவர்கள் எண்ணினார்கள். “மெதுவா தாயே, மெதுவா” என்று ஒருவர் கெஞ்சினார். அத்தை ஜிலேபிப் பொட்டலத்தை எடுத்து எறிந்தார். அது முனியாண்டி வீட்டுக் கூரையில் விழுந்தது. அந்த வீட்டு நம்பரையும் யாரோ குறித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அத்தை பேசுவதையே நிறுத்தினார். பெரட்டில் பேரைக் கூப்பிடாமல் ஆளைக் கைகாட்டினார். யாரும் அதற்கு “இருக்கேன்” சொல்லவில்லை. கைகாட்டினால் நடந்து போவார்கள், அவ்வளவுதான். மழை மாசம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். மலையிறங்கும் பஸ்ஸில் அத்தை ஒரு சீட்டில் இருக்கவில்லை. முன்னால் போனார், பின்னால் வந்தார், டிரைவர் கண்ணாடியில் முறைத்தார்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், “நாமா?” என்று பேர் கேட்டது. அத்தை வாயைத் திறந்தார். தொண்டை பூட்டிக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றினார்கள். எனக்குக் குரல் எடுக்க வரும். எங்கள் தோட்டத்தில் யார் குரலையும் எடுப்பேன், ஸ்டோர் நாய் உட்பட. அத்தையின் பழைய குரலை எடுத்து, “ருக்குமணி” என்று விட்டேன் ஒரு விடு. ஹாலே திரும்பியது. கவுண்டர் பெண் அத்தையின் அசையாத உதட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அத்தை என் தொடையில் கிள்ளினார். அந்த இடம் ரொம்ப நாள் நீலமாக இருந்தது.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். பிறகு நாடியா என்ற பேச்சுப் பயிற்சிக்காரரிடம் அனுப்பினார்கள். தலையில் துடோங் கட்டிய சின்னப் பெண். அவர் அத்தையைக் கேள்வி கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். எப்போது ஆரம்பித்தது, எதற்கு வலிக்கிறது, என்ன சாப்பிடுகிறார், எல்லாம் எனக்குத் தெரியுமே. நாடியா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“பக்கத்து வீடு.”

“நான் அவங்க வாயோன்னு நெனச்சேன்” என்றார் மலாயில், சிரிக்காமல். “அவங்க முடிக்கட்டும்.”

அத்தை முடிக்க நேரமாயிற்று. அவ்வளவு நேரம் நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. காது குடைந்தேன், நாற்காலியை ஆட்டினேன், சுவரில் இருந்த நாக்குப் படத்தைப் பார்த்தேன். நாடியா மட்டும் அசையவில்லை. அத்தை சொல்லின் நடுவில் நிற்கும்போது அவர் முகத்தில் அவசரம் என்பதே இல்லை. கடைக்குப் போய் வரிசையில் நிற்பது போலக்கூட இல்லை. வரும் என்று தெரிந்து நிற்பது போல.

அந்த நோயின் பேர் எங்கள் மலை ரோட்டைவிட நீளம், வளைவும் அதிகம். தொண்டையில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. மூளையிலிருந்து போகிற சேதி தப்பாகப் போய், பேச எடுக்கிற நேரத்தில் குரல் தசை தானாக இறுக்கிக்கொள்கிறதாம். பாட்டும் சிரிப்பும் வேறு வழியில் வருவதால் பலருக்குத் தப்பித்துக்கொள்ளுமாம்.

“எப்ப சரியாகும்?” என்று அத்தை கேட்டார்.

“முழுசா சரியாகாது. ஒரு ஊசி இருக்கு, கொஞ்ச மாசம் இறுக்கம் குறையும், மறுபடி போடணும். முறை வந்ததும் கூப்பிடுவோம். பயிற்சியும் தர்றேன். ஆனா பழைய குரல் திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அத்தை சிரித்தார். நாடியாவே திகைத்துவிட்டார்.

“அப்ப நான் நடிக்கல” என்றார் அத்தை. “இவங்க வாயால சொல்லிட்டாங்கல்ல. நான் நடிக்கல.”

இன்னொன்றும் நாடியா சொன்னார். வாயைத் திறந்ததும் நேராகக் குரலில் ஆரம்பிக்கிற சொற்கள்தான் இவருக்கு ரொம்ப இறுக்கும். அ, இ, உ என்று தொடங்குகிற பேர்கள். காற்றை ஊதி ஆரம்பிக்கிற பேர்கள் கொஞ்சம் லேசு. அத்தை யோசித்தார். பெரட்டு வரிசையை மனதில் ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“இருளப்பன்” என்றார் கடைசியில், அதுவும் ரொம்ப நேரம் கழித்து. “இருளப்பன் பேர்தான் கஷ்டம்.”

மலை ஏறும்போது சிரிப்பு தீர்ந்துவிட்டது. மறுபடி சீட்டு மாற ஆரம்பித்தார். “சரியாகாதுன்னு தொரைகிட்ட எப்படி சொல்றது? எல்லார்கிட்டயும் பனின்னு சொல்லி வெச்சிருக்கேன். அப்படியே பனியாவே இருக்கட்டும். சொல்லாத.” ரிங்லெட்டைத் தாண்டும்போது பிறந்த வீடு இருந்த பக்கம் பார்த்தார், உடனே திரும்பிக்கொண்டார்.

இதே நோய் இருக்கிறவர்கள் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற ஒரு கூட்டம் இருப்பதாக நாடியா சொல்லி, அத்தையின் போனில் சேர்த்துவிட்டிருந்தார். எங்கள் லயத்தில் முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறினோம். அத்தை வரமாட்டேன் என்று வாசல் வரை வந்து, போகமாட்டேன் என்று மேடு வரை ஏறினார்.

திரையில் ஏழெட்டு முகங்கள். அத்தை தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்ததால் அவர்களுக்குத் தெரிந்தது வானமும் அத்தையின் மூக்கும்தான். தைப்பிங்கிலிருந்து அங்கிள் லிம் என்று ஒரு சீனர், முன்னாள் பஸ் கண்டக்டர். “ஒவ்வொரு ஸ்டாப் பேரும் கத்தின வாய் இது. இப்ப பாரு, காப்பி கேட்டாலே கடைக்காரன் பயந்துடறான்” என்றார். சொல்லி முடிக்க நேரமாயிற்று. முடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். உடைந்த குரல்காரர்கள் ஒன்றாகச் சிரிக்கும்போது ஒரு கீறலும் இல்லை.

குவாந்தானிலிருந்து ரொஹானா என்ற அம்மா, சமய வகுப்பு டீச்சர். ஓதும்போது தொண்டை திறக்கும், “புத்தகத்தை எடுங்க” என்று சொல்லும்போது பூட்டிக்கொள்ளும் என்றார். “பசங்க என்ன மாதிரியே பேசி விளையாடுவாங்க. பனி, இருமல்னு மறைச்சுப் பாத்தேன். மறைச்ச வரைக்கும்தான் அது வேடிக்கை. இப்ப மொத நாளே சொல்லிடறேன். என் குரல் இப்படித்தான், சரியாகாது, காத்திருங்கன்னு. காத்திருக்காங்க. எல்லாரும் இல்ல. பாதிப் பேர். பாதி போதும்.”

பிறகு அத்தையைக் கேட்டார்கள். அத்தை நடப்பதை நிறுத்தினார். பேச ஆரம்பித்தார். பெரட்டு, துரை, ஃபேக்டரி, விரல் எண்ணுகிறவர்கள், ஜிலேபி வரைக்கும். நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொண்டபோது எனக்கு அது என்ன சொல் என்று தெரியும், நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஜாக்கெட் ஜிப்பைக் கடித்துக்கொண்டேன். திரையில் அத்தனை முகமும் அப்படியே காத்திருந்தது. யாரும் எண்ணவில்லை. எத்தனையோ மாதத்தில் அத்தை ஒரே தடவையில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். இறங்கும்போது காலில் அட்டை ஏறியிருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் கீழே வந்ததும் மறுபடி பயம். துரை வந்து பெரட்டைப் பார்த்து முடிவு சொல்கிற நாள் மறுநாளைக்கே என்று சேதி வந்திருந்தது.

“அத்தே, எதுக்குப் பயம்?” என்றேன். “நான் டிராக்டர் பின்னாடி நின்னு ஒங்க பழைய குரல்ல கூப்பிடறேன். நீங்க வாய மட்டும் அசைங்க. தொர சின்னப் புள்ள, கண்டுபிடிக்க மாட்டாரு.”

“போடி, பைத்தியம்.”

சுவருக்கு அந்தப் பக்கம் நடை கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சுவரில் தட்டினார்.

“டிராக்டர் பின்னாடின்னா, எந்தப் பக்கம் நிப்ப?”

தோளில் இருக்கிற துண்டை எடுத்து உதறினால் நான் ஆரம்பிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

காலையில் பனி. அரிஃபின் துரை கைகட்டி நின்றார். கொழுந்து ஏற்றும் தோட்டத்து லோரி உறுமிக்கொண்டு நின்றது. நான் டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, தொண்டையைச் சரிசெய்து வைத்திருந்தேன். சந்து வழியாக அத்தையின் முதுகும் துண்டும் தெரிந்தன. அவர் கை துண்டுக்குப் போனது. நான் மூச்சை இழுத்தேன். கை நின்றது. கீழே இறங்கியது. மறுபடி போனது. துண்டை எடுத்தார். உதறவில்லை. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“புவனேஸ், வெளிய வா” என்றார்.

உடைந்த குரல்தான். ஆனால் கூப்பிட்டார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நான் எழுந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் தும்மிவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்” என்றார் அத்தை. “இது பனியில்ல. சளியில்ல. தொண்டயில ஒரு நோய். போகாது. என் கொரலு இனிமே இப்படித்தான். நான் கூப்பிடுவேன். நேரமாகும். நீங்க காத்திருக்கணும். எண்ணக் கூடாது.”

இதையே மலாயிலும் சொன்னார், துரைக்கும் ரஃபீக்குக்கும். இரண்டு தரம் அந்த மலையில் ஏறி இறங்கியது போல வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

பேர்களை ஆரம்பித்தார். முதல் பேர் பாதியில் நிற்கும்போதே முனியாண்டி, பாவம், உதவி செய்கிற நினைப்பில் “இருக்கேன்” என்றார். அடுத்தவரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே “இருக்கேன்” என்றார். வரிசை எல்லாருக்கும் மனப்பாடம்தானே. அத்தை கையைத் தூக்கினார்.

“நான் இன்னும் கூப்பிடல.”

முதலிலிருந்து ஆரம்பித்தார். துரை மணியைப் பார்த்தார். லோரி டிரைவர் ஹாரனைத் தொட்டுவிட்டு, யாரோ முறைத்ததும் கையை எடுத்தார். எல்லாப் பேரும் முடியும்போது எதிர் மலையில் பனி கலைந்து பளபளப்பான கொழுந்து தெரிந்தது.

அரிஃபின் துரை பக்கத்தில் வந்தார். “கக், மலையில என்ன செய்வீங்க? மெஷின் சத்தத்துல?”

அத்தை கழுத்திலிருந்து கயிற்றை வெளியே இழுத்தார். பந்து விளையாட்டு ரெஃப்ரி ஊதுகிற விசில். டவுனில் வாங்கியிருக்கிறார், எனக்கே தெரியாது. ஒரு ஊது ஊதினார். ஓடையைத் தாண்டி எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

துரை காதைத் தேய்த்துக்கொண்டார். “அது சரி. ஆனா பெரட்டுக்கே இவ்வளவு நேரம் ஆனா வேலை தொடங்கறது பிந்தும். டெய்லி எப்படி விட முடியும்?”

 ரஃபீக்தான் மலாயில் சொன்னார். கங்காணிக்கு மலாயில் மண்டோர் என்று பேர். “துவான், நாங்க முன்னாடியே வந்துடறோம். மண்டோர் கூப்பிடட்டும். ஊர்லேர்ந்து வந்த புதுசுல என் மலாய் யாருக்கும் புரியல. இந்த மண்டோர்தான் காத்திருந்து கேட்டாங்க.”

“முன்னாடியேவா?” என்றார் இருளப்பன் மாமா. “இந்தக் குளிர்லயா? இப்பவே பாதி தூக்கத்துலதான் வர்றேன்லா.”

“நீ எப்பவும் பாதி தூக்கம்தான்” என்றார் முனியாண்டி. “நான் வரேன் தொர. எனக்குப் பெரட்டு வேண்டாம்.” அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார், லோரி ஹாரன் குரலில்.

துரை சரி என்றார். சரி என்றால் முழுச் சரி இல்லை. அடுத்த மழை மாசம் வரை பார்க்கலாம் என்ற சரி. அத்தைக்கு அது போதுமாக இல்லை என்று முகம் சொன்னது. ஆனாலும் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார், எங்களை முந்திக்கொண்டு.

மறுநாள் காலை, எழுந்திருக்கிற நேரத்துக்கு முன்னாலேயே எனக்கு விழிப்பு வந்தது. போர்வைக்குள் கிடந்து கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடை. அப்புறம் ஒரு கதவு. அதற்கடுத்து இன்னொரு கதவு. யாரோ செருமினார், யாரோ குளிரைத் திட்டினார், பூட்ஸுகள் ரோட்டில் இறங்கின. பாதிப் பேர்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இருளப்பன் மாமா கடைசியாக வந்தார், ஓடி வந்தார், கை இரண்டும் பாக்கெட்டுக்குள்.

“கைய வெளிய எடு” என்றார் அத்தை.

“குளிருது கங்காணி.”

“எடு.”

எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் வைத்து, அதுவும் சந்தேகப்படும்படி இருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, தலைக்கு மேல் கோத்துக்கொண்டார். போலீஸ் பிடித்த ஆள் மாதிரி நின்றார்.

அவர் பேர் வந்தது. அத்தை வாயைத் திறந்தார், முதல் எழுத்திலேயே பூட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு தெரிந்தது. லோரி டிரைவர் இஞ்சினை அணைத்தார். கொழுந்திலிருந்து பனி சொட்டுவது கேட்டது. இருளப்பன் மாமாவின் வாய் “இருக்கேன்” என்று சொல்லத் தயாராகத் திறந்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூடாமல் அப்படியே வைத்திருந்தார். என் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் முழுப் பேரும் வந்து சேர்ந்தது.

“இருக்கேன் கங்காணி” என்றார்.

மலையில் பை பிடித்துக்கொண்டு ஓடும்போது மெஷினின் ஒரு முனையில் அவர்தான். திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏ புவனேஸ், என் பேருக்கு எத்தன வந்துச்சு? நான் பாத்துக்கிட்டே இருந்துட்டு எண்ண மறந்துட்டேன்லா.”

“நானும் எண்ணல மாமா” என்றேன்.

நான் அவரிடம் சொன்னதிலேயே பொய் இல்லாத பதில் அதுதான். அவர் நம்பவில்லை.